முப்பதாயிரம் பேர் பார்த்த கை

அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவரும் கதை இது. ஓடிவந்த வீரர் ஒருவர், பந்துக்கு முன்னால் தொட்டாக வேண்டிய தளமான பேஸை நோக்கிச் சறுக்கி விழுகிறார். அதே நொடியில் பந்தும் வந்து சேர்கிறது. பக்கத்தில் நிற்கும் அம்பயர் பீன்ஸ் ரியர்டன் வாயால் ‘சேஃப்’, அதாவது தப்பித்தாய் என்கிறார், ஆனால் கை மேலே போய் ‘அவுட்’ காட்டிவிடுகிறது. குழம்பிப்போன வீரர் எழுந்து, நான் அவுட்டா இல்லையா என்று கேட்கிறார். வாய் சொன்னது நம் இரண்டு மூன்று பேர் காதில்தான் விழுந்தது, கை காட்டியதை முப்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், அதனால் நீ அவுட் என்று ரியர்டன் அவரை அனுப்பிவைக்கிறார்.

கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அம்பயர் வேலையின் உள்ளே இருக்கும் ஒன்றை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரிந்து இல்லை. தீர்ப்பு அம்பயரின் மனதில் பிறக்கலாம். கூட்டத்துக்கு அது போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆட்டம் அதைத் தீர்ப்பு என்று ஏற்றுக்கொள்கிறது. போய்ச் சேர்வதற்குக் குரல் வேண்டும், உடம்பு வேண்டும், நேரம் பார்த்துச் செய்யும் பழக்கம் வேண்டும். இவை மேடையில் நிற்பவனுக்கும் மைக் முன்னால் உட்கார்பவனுக்கும் வேண்டிய அதே சரக்குகள்.

அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் நடிப்பு, விளையாட்டு ஒலிபரப்பு, அம்பயரிங் என்ற மூன்றில் இரண்டையாவது தொட்டவர்கள் அடிக்கடி தென்படுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவியவர்கள் மாதிரி இருக்கும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் இடம் மாற்றிச் செய்திருக்கிறார்கள்.

ரியர்டனையே எடுத்துக்கொள்ளலாம். 1926 முதல் 1949 வரை, பெரிய லீக்குகள் இரண்டில் ஒன்றான நேஷனல் லீகில் அம்பயர். பெரிய லீக்குகளின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஐந்து முறை நின்றவர். கழுத்தில் புள்ளி போட்ட ‘போ’ டை, வாயில் யாருக்கும் அடங்காத பேச்சு. குளிர்காலம் வந்தால் ஆட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. ஆண்டில் பாதியை வேறு ஏதாவது செய்துதான் ஓட்ட வேண்டும். ரியர்டனுக்கு அந்தப் பாதி ஹாலிவுட்டில் கழிந்தது. நடிகை மே வெஸ்ட் அவருடைய நண்பர், அவர் படங்களில் ரியர்டன் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார். ஓவியர் நார்மன் ராக்வெல் 1949 ஏப்ரலில் ஒரு வாரப் பத்திரிகையின் அட்டைக்காக வரைந்த படத்தில், புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டில் மூன்று அம்பயர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்த்து நிற்பார்கள். அந்த மூவரில் ஒருவர் ரியர்டன். கவலையும் அதிகாரமும் கலந்த அந்த முகங்கள்தான் பல அமெரிக்கர்களுக்கு அம்பயர் என்றதும் நினைவுக்கு வருபவை.

அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலிஸும் இதற்குத் தோதான ஊர். பெரிய லீக் அணிகள் 1958 வரை அங்கே வரவில்லை. அதுவரை, பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த பசிபிக் கோஸ்ட் லீக்தான் அங்கே ராஜா. அதில் ‘ஹாலிவுட் ஸ்டார்ஸ்’ என்றே பெயர் வைத்த அணி ஒன்று கில்மோர் ஃபீல்டில் ஆடியது. கேரி கூப்பர், பிங் கிராஸ்பி, பார்பரா ஸ்டான்விக், இயக்குநர் செசில் பி. டிமில் எல்லோரும் அதில் பங்கு வைத்திருந்தார்கள். ஊரின் இன்னொரு மைதானமான ரிக்லி ஃபீல்ட், படப்பிடிப்புகளுக்கும் பயன்பட்டது. பகலில் கேமரா முன்னால் நின்ற நட்சத்திரம் மாலையில் பார்வையாளராக உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் ‘ஸ்ட்ரைக்’ என்று கத்துகிற அம்பயருக்கு அந்த மாலை முழுக்க மேடைதான்.

சரி, அந்த அம்பயர் அங்கே என்னதான் செய்கிறார்? கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு அம்பயர் என்றால் நிதானம். அப்பீல் வரும், கொஞ்சம் யோசிப்பார், விரலைத் தூக்குவார், அல்லது தலையசைப்பார். கேட்காமல் அவுட் கொடுப்பது வழக்கமில்லை. பேஸ்பாலில் யாரும் கேட்க வேண்டியதில்லை. பேட்டர் அடிக்காமல் விடுகிற ஒவ்வொரு பந்துக்கும், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் அம்பயர் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்திருந்தால் ‘ஸ்ட்ரைக்’, வெளியே போயிருந்தால் ‘பால்’. பந்து எறியும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க 0.4 நொடிதான் ஆகும். ஓர் ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்த்து முந்நூறு பந்து வரை எறிவார்கள்.

முதல் பேஸ் அம்பயரின் வேலை இன்னும் விசித்திரம். அடித்துவிட்டு ஓடிவரும் வீரரின் கால் முதலில் பேஸைத் தொட்டதா, பந்து முதலில் ஃபீல்டரின் கையுறைக்குள் விழுந்ததா என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கண்ணைப் பேஸின் மேல் வைத்துவிடுவார்கள், பந்தைக் காதால் பிடிப்பார்கள். கால் பேஸில் படுவது தெரியும், தோல் கையுறையில் பந்து ‘டப்’ என்று விழுவது கேட்கும். எது முந்தியது என்று அந்த இடைவெளியில் முடிவெடுத்துக் கையைக் காட்டுவார்கள். பல்லாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது அந்த ஒற்றை ஓசையைப் பிரித்துக் கேட்கிற காது அது.

இந்த ‘காட்டுவது’ தொடக்கத்தில் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்பயர்கள் வாயால் சொல்வதோடு சரி. கூட்டம் பெருகியபோது பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்றும் கேட்காமல் போனது. சை ரிக்லர் என்ற அம்பயர் 1905-ல் இண்டியானாவின் எவன்ஸ்வில் நகரில், ஸ்ட்ரைக் என்றால் வலது கையைத் தூக்கிக் காட்டத் தொடங்கினார். 1905 முதல் 1941 வரை நின்று 18 உலகத் தொடர்களைப் பார்த்த பில் கிளெம் கைச்சைகைகளை எங்கும் பரப்பினார். அப்புறம் அதுவே ஒரு மொழியானது. இன்றும் அம்பயர் பள்ளிகளில் மாணவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஒரே நேரத்தில் கையை உயர்த்தி வயிற்றிலிருந்து குரல் எடுக்கச் சொல்வார்கள். நாடகப் பயிற்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அம்பயர்கள் பேச்சில் ‘செல் த கால்’ என்று ஒரு சொல் உண்டு, தீர்ப்பை விற்பது. யார் பார்த்தாலும் அவுட் என்று தெரிகிற தருணத்துக்குச் சின்னதாய் ஒரு கையசைப்பு போதும். மயிரிழையில் முடிந்த தருணம் என்றால் உடம்பு முழுவதையும் போட்டுக் காட்ட வேண்டும். தயங்கிக் காட்டினால் ஒரு அணியின் மேனேஜர், அதாவது அணியை நடத்தும் பயிற்சியாளர், வாதாட உடனே வெளியே ஓடிவந்துவிடுவார். கேட்கிறவருக்கு இது ஏமாற்று மாதிரி தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. முடிவை நேர்மையாக எடுத்தாயிற்று. அதை எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் கொண்டுசேர்ப்பது வேலையின் இரண்டாம் பாதி.

அம்பயரின் அந்த அறிவிப்பு, மைதானத்துக்கு வெளியே எத்தனை தூரம் பயணம் செய்தது என்று பார்த்தால் ஒலிபரப்பின் கதை தொடங்குகிறது.

1930-களில் வெளியூர் ஆட்டங்களுக்கு வர்ணனையாளரை அனுப்ப வானொலி நிலையங்களிடம் பணம் இல்லை. மைதானத்தில் தந்தி ஊழியர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தின் முடிவையும் மோர்ஸ் குறியீட்டில் தட்டி அனுப்புவார். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஸ்டூடியோவில் இன்னொருவர் அதைக் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுவார். அதில் இருப்பது ஓர் எழுத்து, ஓர் எண், இன்னோர் எழுத்து, அவ்வளவுதான். முதல் ஸ்ட்ரைக், அம்பயர் அறிவித்தது என்று பொருள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வர்ணனையாளர் பிட்சர் தொப்பியைச் சரிசெய்வதையும் பேட்டர் மண்ணைக் கிளறுவதையும் கூட்டம் எழுந்து நிற்பதையும் தானே கற்பனை செய்து பேசுவார்.

ஐயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில், டபிள்யூ.எச்.ஓ. வானொலியில் இப்படிப் பேசிக்கொண்டிருந்த இளைஞர்தான் ரொனால்ட் ரீகன். சிகாகோ கப்ஸ் அணியின் ஆட்டங்களை ஒன்றையும் பார்க்காமலே ‘நேரடியாக’ வர்ணித்தவர். ஒருநாள் ஒன்பதாவது இன்னிங்ஸில் தந்தி அறுந்துவிட்டது. களத்தில் பேட்டர் பில்லி ஜர்ஜஸ். ஆட்டத்தைப் பற்றி இனி ஒரு தகவலும் வராது. தந்தி போய்விட்டது என்று சொன்னால் நேயர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். புள்ளிக்கணக்கில் சேராத ஒரே விஷயம், கோட்டுக்கு வெளியே அடித்துவிடுகிற ஃபவுல் பந்து. அதனால் ஜர்ஜஸ் ஃபவுல் அடித்தார், மறுபடியும் ஃபவுல் அடித்தார், பந்தைப் பிடிக்க இரண்டு பையன்கள் சண்டை போட்டார்கள், மறுபடியும் ஃபவுல். ஆறு நிமிடத்துக்கும் மேல் இப்படியே ஓட்டியதாக ரீகன் வாழ்நாள் முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். தந்தி திரும்ப வந்தபோது, ஜர்ஜஸ் முதல் பந்திலேயே கேட்ச் கொடுத்து அவுட்டாகியிருந்தார்.

1937-ல் கப்ஸ் அணியின் வசந்தகாலப் பயிற்சியைப் பார்க்க கலிபோர்னியாவின் காடலினா தீவுக்குப் போனவர், போன இடத்தில் வார்னர் பிரதர்ஸில் நடிப்புச் சோதனை கொடுத்தார், வாரம் 200 டாலருக்கு ஒப்பந்தமும் வாங்கினார். முதல் படத்தில் அவருக்குக் கிடைத்த வேடமே வானொலிக்காரர் வேடம்தான். 1952-ல் குரோவர் கிளீவ்லண்ட் அலெக்சாண்டர் என்ற புகழ்பெற்ற பிட்சராகவும் நடித்தார். அதற்கப்புறம் அவர் போன இடம் உலகத்துக்கே தெரியும், அது இங்கே வேண்டாம்.

எனக்கு இதில் பிடித்தது அந்தத் துண்டுக் காகிதம். வர்ணனையாளர் என்னவெல்லாம் ஜோடித்தாலும், ஸ்ட்ரைக் என்ற இடத்தில் ‘பால்’ என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சுற்றிலும் இருப்பது நடிப்பு, நடுவில் அம்பயரின் சொல் மாறாமல் நிற்கிறது. தந்தி அறுந்த நேரத்தில்கூட ரீகன் ஃபவுலைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். ஃபவுல் எத்தனை போனாலும் தீர்ப்பு தள்ளிப்போகும், மாறாது.

ஆடுகளத்திலிருந்து மைக்குக்கும் மைக்கிலிருந்து திரைக்கும் போனவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பாப் யூக்கர். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடிய காலத்தில் பேட்டிங் சராசரி சரியாக .200, பத்து முறைக்கு இரண்டு முறைதான் அடி விழுந்தது. அதாவது தேறாத ஆட்டக்காரர். அந்தத் தோல்வியையே கதையாகச் சொல்லி அமெரிக்காவைச் சிரிக்க வைத்தார். 1971-லிருந்து மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் வானொலிக் குரல், 1985-லிருந்து ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் குடும்பத் தலைவர், 1989-ல் ஒரு பேஸ்பால் படத்தில் வர்ணனையாளர். 2024 வரை மைக்கை விடவில்லை, 2025 ஜனவரியில் 90 வயதில் இறந்தார். கேட்சர் உட்காரும் இடம் அம்பயரின் முழங்காலுக்கு முன்னால். களத்தை அம்பயர் பார்க்கிற அதே கோணத்தில் பார்த்துப் பழகியவர் என்பதால் அவரையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன்.

அம்பயராக இருந்துவிட்டு நேராக மைக்குக்குப் போனவர் ரான் லூசியானோ. நியூயார்க் மாநிலத்தின் எண்டிகாட் ஊர்க்காரர், கணிதம் படித்தவர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஃபுட்பால் ஆடிய பெரிய உருவம். காயங்கள் அந்த வாழ்க்கையை முடித்துவைத்ததும் அம்பயர் பள்ளியில் சேர்ந்தார். 1969 முதல் 1979 வரை இன்னொரு பெரிய லீகான அமெரிக்கன் லீகில் இருந்தார். அவுட் என்றால் ஒருமுறை கையைக் காட்டி நிறுத்த மாட்டார். விரலைத் துப்பாக்கிபோல் நீட்டி, ஓடிவந்தவரை நாலைந்து முறை ‘சுட்டு’ வீழ்த்துவார். ஆட்டத்தின் நடுவே ரசிகர்களோடு பேசுவார், பேட்டரோடு பேசுவார்.

பால்டிமோர் மேனேஜர் ஏர்ல் வீவருக்கும் அவருக்கும் இருந்த பகை தனிக் காவியம். சிறு லீகில் முதன்முதலாகச் சந்தித்த தொடரிலேயே நான்கு ஆட்டங்களிலும் வீவரை வெளியேற்றினார். 1975 ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் வீவரை வெளியே அனுப்பினார். இரண்டாவது ஆட்டம் தொடங்கும் முன், அணிப் பட்டியலைக் கொடுக்க வந்த இடத்திலேயே மறுபடியும் அனுப்பினார். கூட்டத்துக்குக் கொண்டாட்டம். சக அம்பயர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் அம்பயரின் முகம் யாருக்கும் நினைவில் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய பழைய நெறி.

1980-ல் லூசியானோ அம்பயர் வேலையை விட்டுவிட்டு என்.பி.சி. தொலைக்காட்சியில் பேஸ்பால் ஒளிபரப்புக்குப் போனார். பொருத்தமான இடம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு சீசனுக்கு மேல் நீடிக்கவில்லை. அதற்கப்புறம் புத்தகங்கள் எழுதினார், அவை நன்றாக விற்றன. மைக் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கு என் எண்ணத்தைச் சொல்கிறேன். அம்பயரின் நிகழ்த்துதல் ஒரு நொடி நீளமுள்ளது. அடுத்த பந்து வந்ததும் போன பந்தை மறந்துவிட வேண்டும், மறக்காதவர் அந்த வேலையில் நிலைக்க முடியாது. வர்ணனையாளர் இதற்கு நேர் எதிர். மூன்று மணி நேரம் எதையும் மறக்காமல், இரண்டாவது இன்னிங்ஸில் நடந்ததை எட்டாவதில் எடுத்துக் கோக்க வேண்டும். குரல் இருந்தால் போதாது, நூல் விடாமல் இருக்க வேண்டும். புத்தகத்தில் அந்த நூலைப் பிடிக்க அவருக்கு நேரம் கிடைத்தது. 1995-ல், 57 வயதில் லூசியானோ இறந்துபோனார். அந்தப் பெரிய உருவத்தின் பழைய வீடியோக்களைப் பார்க்கும்போது, அந்த வேலையை அவர் எவ்வளவு விரும்பிச் செய்தார் என்பது தெரிகிறது.

இன்று அம்பயரின் கையிலேயே மைக் வந்துவிட்டது. 2022 சீசனிலிருந்து, வீடியோவில் மறுபரிசீலனை செய்த தீர்ப்புகளை அம்பயர் குழுத் தலைவரே மைதான ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். 2026-ல் இருந்து, ஸ்ட்ரைக் பற்றிய தீர்ப்பை பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டிக் காட்டிக் கேள்வி கேட்கலாம், கேமரா கணக்குப் போட்டுச் சொல்லும். ஓர் அணிக்கு இரண்டு முறை தவறலாம். தீர்ப்பின் சரி தவறை இயந்திரம் பார்த்துக்கொள்கிற காலத்திலும், அதைக் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்ல ஒரு மனிதக் குரல் தேவைப்பட்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது, இந்தக் குரலும் கையும் யாருக்கு எல்லோரையும்விட அதிகமாகத் தேவைப்பட்டது என்ற கேள்வி வருகிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

எம்மெட் ஆஷ்ஃபோர்ட் 1914-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். தந்தை சிறுவயதிலேயே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், தாய்தான் வளர்த்தார். ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் தலைவர், பள்ளிப் பத்திரிகையின் ஆசிரியர். படிப்புக்கப்புறம் தபால் துறையில் வேலை கிடைத்தது. கறுப்பின இளைஞர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் அதைவிட உறுதியான உத்தியோகம் கிடைப்பது கடினம். வார இறுதிகளில் உள்ளூர் அணி ஒன்றில் பேஸ்பால் ஆடினார். ஒருநாள் வரவேண்டிய அம்பயர் வரவில்லை, ஆஷ்ஃபோர்டை நிற்கச் சொன்னார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆடத்தான் ஆசை. ஆனால் கூட்டத்துக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளி ஆட்டம், கல்லூரி ஆட்டம், கூடைப்பந்து, ஃபுட்பால் என்று எங்கு நடுவர் வேண்டுமோ அங்கெல்லாம் போனார்.

ஜாக்கி ராபின்சன் 1947-ல் பெரிய லீகின் நிறத்தடையை ஆட்டக்காரராக உடைத்தார். அம்பயர்களுக்கு அந்தக் கதவு அப்போதும் திறக்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கறுப்பின ஆட்டக்காரர் வெள்ளையரோடு போட்டி போடுகிறார். கறுப்பின அம்பயரோ வெள்ளையருக்குத் தீர்ப்புச் சொல்கிறார், வாதாடினால் வெளியே போ என்று விரலை நீட்டுகிறார். 1951-ல், 36 வயதில், சவுத்வெஸ்ட் இன்டர்நேஷனல் லீக் என்ற சிறிய லீக் ஆஷ்ஃபோர்டுக்கு இடம் கொடுத்தது. வெள்ளையர் நடத்திய தொழில்முறை பேஸ்பாலில் முதல் கறுப்பின அம்பயர் அவர்தான். முழு சீசனுக்கும் வேலை என்றதும் தபால் துறை வேலையை விட்டார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுச் சேவை, மாதாமாதம் வரும் சம்பளம், இரண்டையும் விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு இருக்குமா என்றே தெரியாத லீகுக்குப் போனார். அந்த ஒரு முடிவை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

1954-ல் பசிபிக் கோஸ்ட் லீக். ஹாலிவுட் நட்சத்திரங்கள் பங்கு வைத்திருந்த அணி ஆடிய அதே லீக். அங்கே பன்னிரண்டு சீசன்கள், கடைசியில் அந்த லீகின் தலைமை அம்பயர். அவர் நின்ற விதம் இப்படி இருக்கும். சட்டைக் கையின் மடிப்பில் கஃப்லிங்க்ஸ் மின்னும். காலணி கண்ணாடி மாதிரி பளபளக்கும். பந்து வெளிக்களத்துக்குப் பறந்தால், அது கோட்டுக்கு உள்ளே விழுந்ததா என்று பார்க்க ஆட்டக்காரர்களோடு போட்டி போட்டு ஓடுவார். ஸ்ட்ரைக் சொன்னால் உடம்பு முழுக்க ஒரு சுழற்சி. அவுட் என்றால் காலும் தரையை விட்டு எழும்பும். அவரைப் பார்ப்பதற்கென்றே மக்கள் டிக்கெட் வாங்கினார்கள்.

கோமாளித்தனம் செய்கிறார் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், பழைய அம்பயர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் பாதிப்பேர், இவன் சொன்னால் நாம் கேட்பதா என்ற எண்ணத்தோடு வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு தயக்கம் தெரிந்தாலும் தொலைந்தது. வெள்ளை அம்பயருக்குச் சின்னக் கையசைப்பு போதுமான இடத்தில், ஆஷ்ஃபோர்டுக்கு முழு உடம்பு தேவைப்பட்டது. தீர்ப்பை விற்பது அவருக்கு ஒவ்வொரு பந்திலும் இருந்தது. அதை அவர் முகத்தில் சலிப்புக் காட்டாமல், விழா மாதிரி செய்தார். கூட்டத்தை முதலில் சிரிக்க வைத்துவிட்டால் அப்புறம் அவர்கள் கல்லெறிய மாட்டார்கள் என்று தெரிந்து செய்தாரா, அல்லது அது அவர் பிறவிக் குணமா? இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம்.

1965 செப்டம்பரில் அமெரிக்கன் லீக் தலைவர் ஜோ குரோனின் அவரை எடுத்தார். 1966 ஏப்ரல் 11, வாஷிங்டன் டி.சி. ஸ்டேடியம், சீசனின் தொடக்க ஆட்டம். செனட்டர்ஸ் அணிக்கும் கிளீவ்லண்டுக்கும் போட்டி. முதல் பந்தை எறிய வந்தவர் துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. அதனால் வாசலில் ரகசியப் பாதுகாப்புப் படை நின்றது. நான் அம்பயர் என்று ஆஷ்ஃபோர்ட் சொன்னதை அவர்கள் நம்பவில்லை, பெரிய லீகில் கறுப்பின அம்பயரே கிடையாதே என்றார்கள். அவர்கள் சொன்னது அந்த நிமிடம் வரை உண்மை. எப்படியோ புரியவைத்து உள்ளே போய் மூன்றாம் பேஸில் நின்றார். வயது 51. ராபின்சன் வந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றைக்கு அவர் பக்கம் இழுபறியான தீர்ப்பு ஒன்றும் வரவில்லை. கிளீவ்லண்ட் 5-2 என்று வென்றது.

பெரிய லீகில் அவருக்குக் கிடைத்தது ஐந்தே சீசன்கள். கண்ணும் வேகமும் உச்சத்தில் இல்லை என்று விமர்சனம் வந்தது. அதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் நாற்பது வயதில் கூப்பிட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தாமதித்தவர்கள் வேறு யாரோ, தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் அவர். 1967-ல் அனஹைமில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் நின்றார், 1970-ல் உலகத் தொடரிலும் நின்றார்.

அந்த உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஒரு காட்சி. சின்சினாட்டியின் பெர்னி கார்போ ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்குகிறார். பால்டிமோர் கேட்சர் எல்ராட் ஹென்ட்ரிக்ஸ் பந்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, காலியான கையுறையால் அவரைத் தொடுகிறார். பந்து இருக்கும் கையால் தொட்டால்தான் அவுட். நடுவில் மாட்டி உருண்டு விழுந்த அம்பயர் கென் பர்க்ஹார்டுக்கு முதுகுப்பக்கம்தான் இது நடந்தது. திரும்பியதும் கையை உயர்த்தி அவுட் கொடுத்தார். புகைப்படங்களில் எல்லாம் பதிவாகிவிட்டது, ஆனால் மறுபரிசீலனை என்பது அப்போது கிடையாது. கை சொன்னதே நின்றது, பால்டிமோர் 4-3 என்று வென்றது. அன்று வெளிக்களக் கோட்டருகே நின்றுகொண்டிருந்தவர் ஆஷ்ஃபோர்ட். ஆறு அம்பயர்கள் முறைவைத்து ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். அவருடைய முறை ஆறாவது ஆட்டத்தில் வரவேண்டியது. பால்டிமோர் ஐந்தாவது ஆட்டத்திலேயே தொடரை முடித்துவிட்டது.

அதோடு ஓய்வு. பேஸ்பால் ஆணையர் பௌவி கூனின் அலுவலகத்துக்காக மேற்குக் கரையில் மக்கள் தொடர்பு வேலை பார்த்தார். கல்லூரி ஆட்டங்களில் நின்றார். தொலைக்காட்சியிலும் விளம்பரங்களிலும் முகம் காட்டினார். அவருக்குப் பின் ஆர்ட் வில்லியம்ஸ் 1972-ல் நேஷனல் லீகின் முதல் கறுப்பின அம்பயரானார். 1980 மார்ச்சில் ஆஷ்ஃபோர்ட் இறந்தபோது, அவர் சாம்பலைக் கூப்பர்ஸ்டவுனில் அடக்கம் செய்தார்கள். பேஸ்பால் புகழ் மண்டபம் இருக்கும் ஊர் அது. மண்டபத்துக்குள் அவர் பெயர்ப் பலகை இல்லை.

இறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1976-ல், நிறத்தடைக் காலத்தில் கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு படம் வந்தது. பில்லி டீ வில்லியம்ஸ், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், ரிச்சர்ட் பிரையர் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆஷ்ஃபோர்ட் அதில் அம்பயராகவே நடித்தார். கதை நடப்பது 1939-ல். நிஜத்தில் அந்தக் கோடையில் அவருக்கு 24 வயது. லாஸ் ஏஞ்சலிஸில் தபால் துறை வேலையில் இருந்தார்.